வாத்துக்கு வெளிச்சம் காட்டும் வெளிச்சவீடு: இதற்கெல்லாம் ஒரு வரலாறு இருக்குமா?

வாவிக்கரையான் (கல்லடி)

அக்காவின் மகள் பிரித்தானியாவில், வேல்சின் கார்டிப் நகரத்தில் படிக்கிறாள். போன கிழமை வோட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒரு பூங்கா, அதற்குள் பெரிய குளம், கரையோரத் தண்ணீருக்குள் வெள்ளை வெளேரென்று ஒரு வெளிச்சவீடு. கரையிலிருந்து அதற்குப் போக ஒரு குட்டிப் பாலம், நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும் போலிருக்கிறது. அது போதாதென்று கோபுரத்தில் மணிக்கூடு வேறு. சுற்றிவர வாத்தும் அன்னமும் நீந்துகின்றன.

இங்கே மட்டக்களப்பில் அம்மம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு, "இது நம்மட முகத்துவாரத்து வெளிச்சவீடு போட்ட குட்டி போல கிடக்கு. இவனுகள் ஆருக்கு வெளிச்சம் காட்டுறானுகள், வாத்துக்கா?" என்று கேட்டா. எனக்குப் பதில் தெரியவில்லை.

இங்கே பழைய விசயம் தெரிந்த ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதுதான் கேட்கிறேன். கப்பலே வராத இடத்தில் என்னத்துக்கு ஒரு வெளிச்சவீடு? இப்படி அழகுக்காக மட்டும் கட்டியது வேறு எங்கேயாவது இருக்கிறதா? தீவில், திட்டியில், குளத்தில், எங்கே என்றாலும் சரி.

புளியந்தீவுப் பொடியன்

காசு கூடினால் குளத்துக்குள் வெளிச்சவீடும் கட்டலாம், குசினிக்குள் விமான நிலையமும் கட்டலாம். இதில் வரலாறு என்ன கிடக்கு அண்ணா.

பழைய தபால்

பொடியன் அவசரப்படாதீங்க. அந்தக் குளத்து வெளிச்சவீடு எனக்குத் தெரியும், மகன் அங்கே இருந்தபோது இரண்டு தரம் போய்ப் பார்த்திருக்கிறேன். ரோத் பார்க் என்று பெயர். பூங்கா 1894இல் திறந்தது. அந்தக் குளமும் இயற்கைக் குளம் அல்ல, சதுப்பு நிலத்தில் ஓடை ஒன்றை மறித்து அணை கட்டிச் செய்தது. வெளிச்சவீடு 1915இல் வந்தது. அழகுக்குக் கட்டியது என்று சொன்னால் பாதிதான் சரி, அது ஒரு நினைவுச் சின்னம்.

தென் துருவத்துக்குப் போய்த் திரும்பி வராமல் பனியிலேயே செத்த கப்டன் ஸ்கொட் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்களே, அவருக்கும் அவரோடு போனவர்களுக்கும் கட்டியது. அவர்களுடைய கப்பல் டெரா நோவா கடைசியாகப் பிரித்தானியக் கரையை விட்டது கார்டிப்பிலிருந்துதான், 1910 யூன் 15. கார்டிப் அப்போது நிலக்கரித் துறைமுகம். கப்பலுக்குக் கரியும் கொடுத்து, காசும் சேர்த்துக் கொடுத்துத்தான் அந்த ஊர் அவர்களை வழியனுப்பியது. சொந்தப் பிள்ளையை அனுப்பிய மாதிரி. ஐந்து பேர் 1912 ஜனவரி 17இல் துருவத்தை அடைந்தார்கள், போய்ப் பார்த்தால் நோர்வேக்காரர் அமுண்ட்சன் ஒரு மாதத்துக்கு முன்பே கொடி நட்டுவிட்டுப் போயிருந்தார். திரும்பும் வழியில் ஐந்து பேரும் போய்விட்டார்கள். அதில் எட்கர் எவன்ஸ் என்பவர் வேல்சுக்காரர், அந்தக் கரையோரத்துப் பிள்ளை.

இப்போது நம்மட விசயத்துக்கு வருகிறேன். அவர்கள் செத்த செய்தி உலகத்துக்குத் தெரிய வந்தது 1913 பெப்ரவரியில். அந்த வருசம் யூன் மாதம் டெரா நோவா கார்டிப்புக்குத் திரும்பி வந்தது, தலைவன் இல்லாமல். அதே 1913தான் நம்மட முகத்துவாரத்து வெளிச்சவீடு கட்டிய வருசம். உங்கள் அம்மம்மா "குட்டி" என்று சொன்னதில் கணக்குப் பிழையே இல்லை தம்பி, இரண்டு வயது இளையது.

வாவிக்கரையான் (கல்லடி)

தபால் ஐயா, வாசித்துக் காட்டினேன். அம்மம்மாவுக்குப் பெரிய சந்தோசம், "நான் சொன்னன் தானே" என்கிறா. ஆனால் செத்தவர்களுக்குச் சிலை வைப்பார்கள், கல் நடுவார்கள், என்னத்துக்கு வெளிச்சவீடு என்று திரும்பக் கேட்கிறா. மனிசியைச் சமாளிக்க முடியாது.

பழைய தபால்

திரும்பி வராத கப்பல்காரனுக்கு வெளிச்சவீட்டை விட வேறு என்னத்தை வைப்பது? வீட்டில் ஒருவர் வர நேரமானால் வாசல் லைற்றை அணைக்காமல் விடுகிறோம் அல்லவா.

ஒல்லாந்தக் கோட்டை

ஒரு திருத்தம். முகத்துவாரத்து வெளிச்சவீடு ஒல்லாந்தர் கட்டியது என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். 1913 என்பது திருத்திக் கட்டிய வருசமாக இருக்கும்.

பழைய தபால்

இல்லை. பக்கத்தில் டச்பார் என்று ஊர்ப் பெயர் இருப்பதால் எல்லாரும் இப்படிக் குழம்புகிறார்கள். ஒல்லாந்தர் 1638இல் கோட்டையைப் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்தார்கள், கோட்டை அவர்கள் கணக்கு. வெளிச்சவீடு பிரித்தானிய வெள்ளைக்காரன் காலத்து வேலை, 28 மீற்றர் உயரம், வட்டமான கட்டுக் கோபுரம். அதன் தேவையும் வேறு. அந்தக் காலத்தில் மட்டக்களப்புக்குப் புகையிரதம் கிடையாது, 1928இல்தான் வந்தது. அதற்கு முன் கொழும்பிலிருந்து சாமானும் ஆட்களும் வருவதென்றால் தீவைச் சுற்றி ஓடிய கரையோரக் கப்பல்களில். கப்பல் வாவிக்குள் வராது, முகத்துவாரத்து மணல் விடாது. வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், தோணியும் பாதையும் (மிதவைப் படகு) போய் இறக்கி வரும். இரவில் வந்தால் எது முகத்துவாரம், எது வெறும் மணல்மேடு என்று கப்பல்காரனுக்கு எப்படித் தெரியும்? எங்கட கரை எல்லாம் ஒரே தட்டை, தென்னையும் மணலும், குன்று ஒன்றும் இல்லை. அதுக்குத்தான் அவ்வளவு உயரம்.

ஒல்லாந்தக் கோட்டை

சரி, ஒப்புக்கொள்கிறேன். இருபது வருசமாகப் பிழையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். எத்தனை சுற்றுலாக்காரருக்குச் சொன்னேனோ தெரியாது.

குயின்ஸ் மாமி

நான் நியூயோர்க்கில் இருக்கிறேன், பிறந்தது ஆரையம்பதி. தம்பி கேட்ட கேள்விக்குப் பொருத்தமான ஒன்று இங்கே இருக்கிறது, சின்னத் தீவு, சின்ன வெளிச்சவீடு, அலங்காரமும் குறைவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், தேத்தண்ணியோடு இருங்கள்.

மன்ஹட்டனுக்கும் குயின்சுக்கும் நடுவில் ஆற்றில் ஒல்லியாக ஒரு தீவு, மூன்று கிலோமீற்றர் நீளம். இப்போது ரூஸ்வெல்ட் தீவு என்று பெயர், அந்தப் பெயர் 1973இல் வந்தது. முன்பு பிளக்வெல்ஸ் தீவு. நகரத்துக்குள் வைத்திருக்கப் பிடிக்காத எல்லாரையும் கொண்டுபோய் வைத்த இடம் அது. சிறைச்சாலை, ஏழை மடம், அம்மை நோயாளருக்கு ஆஸ்பத்திரி, மனநோயாளர் விடுதி. அந்தத் தீவின் வடக்கு நுனியில் 1872இல் இந்த வெளிச்சவீட்டைக் கட்டினார்கள். வடக்கு நுனி முன்பு தனியாகப் பிரிந்து நின்ற ஒரு திட்டி, மரப்பாலம் போட்டுத்தான் பெரிய தீவோடு சேர்த்திருந்தார்களாம். இப்போது எல்லாம் ஒன்றாகிவிட்டது.

உயரம் 50 அடி, அதாவது 15 மீற்றர், நம்மடதில் பாதி கொஞ்சம் கூட. ஆனால் நம்மடது போல வழவழ வெள்ளை இல்லை. சாம்பல் நிறக் கருங்கல், எண்கோணம், கல்லை அரைகுறையாகக் கொத்தி முரட்டுத்தனமாகவே விட்டிருக்கிறார்கள். வாசலுக்கு மேலே தேவாலய வாசல் மாதிரிக் கூர்முகப்பு. மேலே பல்கனி விளிம்பைத் தாங்குகிற இடத்தில் இலை இலையாகச் செதுக்கியிருக்கிறது. வரைந்தவர் ஜேம்ஸ் ரென்விக், இங்கே சென் பற்றிக் பேராலயத்தை வரைந்த அதே ஆள். கல் அந்தத் தீவிலேயே உடைத்தது, உடைத்தது சிறைக்கைதிகள். அமெரிக்க அரசின் வெளிச்சவீட்டுச் சேவை கட்டியதல்ல, நகரசபை தன் பாட்டில் கட்டியது. அந்த நுனிக்கு அப்பால் ஆறு ஒடுங்கிச் சுழிக்கிற இடத்துக்கு "நரக வாசல்" என்றே பெயர், எத்தனையோ கப்பல் போன இடம். அதனால் கப்பலுக்கும் உதவி, மனநோயாளர் விடுதி நிலத்துக்கும் இரவில் வெளிச்சம்.

மறுகா ஒரு கதை இருக்கிறது. வெளிச்சவீடு வருமுன் அந்த நுனியில் விடுதி நோயாளி ஒருவர் களிமண்ணால் ஒரு கோட்டை கட்டி வைத்திருந்தாராம். பிரித்தானியன் படையெடுத்து வருவான் என்று அவருக்குப் பயம். வெளிச்சவீட்டுக்கு இடம் வேண்டும் என்றதும் கோட்டையை விட்டுத்தர மாட்டேன் என்று நின்றிருக்கிறார், கள்ளக் காசைக் கொடுத்து ஆசைகாட்டி எழுப்பினார்களாம். கதையில் உண்மை எவ்வளவோ, ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் கல்வெட்டு ஒன்று இருந்தது, அது கதை அல்ல. வெளிச்சவீட்டை அடியிலிருந்து முடிவரை கட்டியவன் ஜோன் மக்கார்த்தி, வழிப்போக்கர் எல்லாரும் அவன் செத்தால் அவன் ஆன்மாவுக்காகச் செபியுங்கள் என்ற மாதிரி எழுதியிருந்தது. 1960களில் அந்தக் கல் காணாமல் போய்விட்டது. ரென்விக்கின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, மக்கார்த்தியின் பெயரை எழுதியிருந்த கல்லைத்தான் யாரோ தூக்கிப் போயிருக்கிறார்கள்.

விளக்கு 1940 வாக்கில் நின்றுவிட்டது. கவனிப்பார் இல்லாமல் கிடந்ததை 70களில் திருத்தினார்கள், 1976இல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். அதே வருசம்தான் மன்ஹட்டனிலிருந்து தீவுக்கு ஆகாயத்தில் தொங்குகிற கேபிள் கார் ஓடத் தொடங்கியது. இப்போது வெளிச்சவீட்டைச் சுற்றிப் பூங்கா. நெலி பிளை என்ற பத்திரிகைக்காரி 1887இல் பைத்தியம் மாதிரி நடித்து அந்த விடுதிக்குள் பத்து நாள் இருந்து உள்ளே நடந்த கொடுமையை எழுதினாள், அவளுக்கு 2021இல் அங்கேயே பெரிய பெரிய வெண்கல முகங்கள் வைத்து ஒரு நினைவிடம் செய்திருக்கிறார்கள்.

நான் வருசத்துக்கு ஒரு தரமாவது போவேன். ஆற்றுக் காற்று மூஞ்சியில் அடிக்கும், முகத்துவாரத்துக் காற்று மாதிரியே இருக்கும், உப்பு வாசம் மட்டும் குறைவு.

புளியந்தீவுப் பொடியன்

மாமி, வாபஸ். குசினிக்குள் விமான நிலையம் என்று சொன்னதை முழுக்க வாபஸ் வாங்குகிறேன்.

ஒலுவில் காற்று

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். அலங்கார வெளிச்சவீட்டைத் தேடி நியூயோர்க் போக வேண்டியதில்லை, அம்பாறைப் பக்கம் ஒலுவிலுக்கு வாங்க.

எங்கட ஊர் வெளிச்சவீடு 1999இல் கட்டினது, 24 மீற்றர், கொங்கிறீட். மர்ஹூம் அஷ்ரப் அவர்கள் துறைமுக அமைச்சராக இருந்த காலம். துறைமுகம் வரும், கப்பல் வரும், பிள்ளைகளுக்கு வேலை வரும் என்று ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த வருசம் செப்டெம்பரில் அவர் மௌத்தாகிவிட்டார். துறைமுகம் 2013இல்தான் திறந்தது. திறந்து கொஞ்ச நாளில் வாயில் மணல் அடைக்கத் தொடங்கியது. தோண்டினால் திரும்ப அடைக்கும். ஒரு பக்கம் மணல் சேர, மற்றப் பக்கம் கடல் ஊரைத் தின்றது. தென்னையும் மீன்வாடியும் போய்விட்டன.

இதற்குக் காரணம் ஒன்றும் மாயமல்ல. கிழக்குக் கரையில் மணல் நடந்துகொண்டே இருக்கும், தெற்கிலிருந்து வடக்குப் பக்கமாக. அதற்குக் குறுக்கே கல்லைக் கொட்டி அணை கட்டினால் மணல் அந்தப் பக்கம் நின்றுவிடும், இந்தப் பக்கம் கரைக்குப் புது மணல் வராது, கடல் அரிக்கும். வெளிச்சவீடு மட்டும் சிங்கம் மாதிரி நிற்கிறது. பெருநாள் அன்று பாருங்க, ஐஸ்கிறீம் வான் என்ன, பட்டம் என்ன, குடும்பம் குடும்பமாக அதன் அடியில். கப்பலுக்கென்று கட்டி அலங்காரமானது எங்கடது. கார்டிப்காரன் அலங்காரத்துக்கென்றே கட்டினான், ஏமாற்றமாவது இல்லை.

வாவிக்கரையான் (கல்லடி)

காக்கா, கடைசி வரியில் அடித்துவிட்டீர்கள். நான் அந்த வெளிச்சவீட்டடியில் போட்டோ எடுத்திருக்கிறேன், இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை.

டிரெஸ்டன் சிவா

ஜெர்மனியிலிருந்து ஒன்று. டிரெஸ்டனுக்குப் பக்கத்தில் மோரிட்ஸ்பேர்க் என்று ஒரு இடம், கடலுக்கு நாள் கணக்கில் நடக்க வேண்டும். அங்கே ஒரு குளக்கரையில் இருபது மீற்றருக்கு மேல் உயரத்தில் ஒரு வெளிச்சவீடு இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் சக்சோனி ஆட்சியாளர் கட்டினது. என்னத்துக்கு என்றால் கடற்போர் விளையாட. பகிடி இல்லை, உண்மை. குட்டித் துறைமுகம், அலைதாங்கி, கப்பல் எல்லாம் வைத்து, துருக்கியும் ரஷ்யாவும் டார்டனெல்ஸ் நீரிணையில் மோதினதைக் குளத்துக்குள் நடத்திக் காட்டுவார்களாம், அரண்மனை ஆட்கள் கரையில் இருந்து பார்ப்பார்களாம்.

நான் போன நாள் மழை. வெளிச்சவீட்டடியில் ஒரு கிழவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார், ஒரு மீனும் படவில்லை. இது எங்கட ஊர் ஆட்களின் பொறுமை என்று நினைத்துக்கொண்டேன்.

புளியந்தீவுப் பொடியன்

அப்ப குசினி விமான நிலையம் ஜெர்மனிக்கு.

வள்ளக்காரன் மகன்

நான் பாலமீன்மடு. இந்த இழையை மூன்று நாளாக வாசிக்கிறேன், எழுதுகிறவர்களில் கடலுக்குப் போகிறவர் ஒருவரும் இல்லை போலத் தெரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

இப்போது எல்லார் கையிலும் ஜீபிஎஸ் இருக்கிறது, போனிலேயே இருக்கிறது. அதனால் முகத்துவாரத்து வெளிச்சவீடும் படம் எடுக்கிற இடம்தான் என்று சில பேர் சொல்கிறார்கள். படகுச் சவாரி, கண்டல் காடு, மாலையில் காதல் ஜோடி, ஓம், எல்லாம் இருக்கிறது. ஆனால் என் அப்பா இன்றைக்கும் விளக்கைப் பார்ப்பதில்லை, கோபுரத்தைத்தான் பார்ப்பார், பகலில். கரையிலிருந்து விலகிப் போகப் போக முதலில் மணல் மறையும், பிறகு வீடு, பிறகு தென்னை அடி, கடைசியில் தென்னந்தலை ஒரு பச்சைக் கோடாகி அதற்கு மேலே வெள்ளையாக ஒரு விரல் மட்டும் நிற்கும். அந்த விரலுக்கு எந்தப் பக்கம் எது தெரிகிறது என்று வைத்துத்தான் வலை விட்ட இடத்தைச் சொல்வார். தண்ணீரில் ஒரு அடையாளமும் இல்லை, ஆனால் கரையில் இரண்டு அடையாளத்தை ஒரு நேராகப் பிடித்தால் போதும். போன் சார்ஜ் இறங்கும், நனையும். கோபுரம் நனைந்தால் ஒன்றும் ஆகாது.

மற்றது முகத்துவாரம் எப்போதும் ஒரே இடத்தில் ஒரே மாதிரித் திறந்திருப்பதில்லை. வெயில் காலத்தில் மணல் வந்து மூடிவிடும், மாரியில் வாவி நிறைந்து மேற்கே படுவான்கரை வயலுக்குள் தண்ணீர் ஏறினால் முகத்துவாரம் வெட்டுவார்கள். வெட்டின நேரம் வாய் எந்தப் பக்கம் ஆழம், எந்தப் பக்கம் மணல் என்று நேற்றுப் போனவனுக்கும் இன்றைக்குத் தெரியாது. ஆழம் மாறும், வாய் மாறும். கோபுரம் ஒன்றுதான் மாறாதது.

ஒல்லாந்தக் கோட்டை

தம்பி, நல்லாய் எழுதினீங்க. இனி நான் சுற்றுலாக்காரருக்கு "வெள்ளையாக ஒரு விரல்" என்றுதான் சொல்லப்போகிறேன், உங்கள் பெயர் சொல்லி.

வள்ளக்காரன் மகன்

என் பெயர் வேண்டாம் அண்ணா, அப்பாவின் வார்த்தை அது.

சென்னை வாசகி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் எல்லாரும் வெளிச்சவீடு என்கிறீர்கள், நாங்கள் கலங்கரை விளக்கம் என்போம். பழைய இலக்கியச் சொல் அதுதானே, நீங்கள் ஏன் அதைச் சொல்வதில்லை?

பழைய தபால்

வாங்க மகள். கலம் என்றால் கப்பல், கரைவது என்றால் கூப்பிடுவது. கப்பலைக் கூப்பிடுகிற விளக்கு, அழகான சொல், பாடப் புத்தகத்தில் நாங்களும் படித்தோம். ஆனால் பேச்சில் எங்களுக்கு வெளிச்சவீடுதான். அதற்குள் ஒரு வீடும் இருக்கிறது பாருங்க, யாரோ இருந்து விளக்குப் பார்த்த வீடு. ஒருவேளை கப்பலைக் கூப்பிடாத ரோத் பார்க் கோபுரத்துக்குக் கலங்கரை விளக்கம் என்று சொல்ல முடியாது, வெளிச்சவீடு என்று சொல்லலாம்.

மணிக்கூட்டு விசயம் ஒன்று சொல்ல மறந்தேன். கொழும்புக் கோட்டையில் மணிக்கூட்டுக் கோபுரம் பார்த்திருப்பீர்கள். 1857 வாக்கில் மணிக்கூட்டுக் கோபுரமாகவே கட்டியது, அப்போதைய ஆளுநர் வோர்ட்டின் மனைவி எமிலி வரைந்த திட்டம். 1867இல் அதன் தலையில் விளக்கை வைத்து வெளிச்சவீடாக்கினார்கள். சுற்றிவரக் கட்டடம் உயர்ந்து விளக்கை மறைத்ததும் 1952இல் நிறுத்திவிட்டார்கள், திரும்பவும் வெறும் மணிக்கூடாகிவிட்டது. கொழும்பில் மணிக்கூடு வெளிச்சவீடானது, கார்டிப்பில் வெளிச்சவீட்டுக்கு மணிக்கூடு வைத்தார்கள்.

புளியந்தீவுப் பொடியன்

சரி, எல்லாரும் இவ்வளவு சொன்ன பிறகு நான் ஒன்று கேட்கலாமா. நம்மட வாவிக்குள் எத்தனையோ திட்டி சும்மா கிடக்கிறது. ஒன்றில் ரோத் பார்க் மாதிரிச் சின்னதாக, வடிவாக ஒரு வெளிச்சவீடு கட்டினால் என்ன? இரவில் லைற் போட்டால் கல்லடிப் பாலத்திலிருந்து பார்க்க எப்படி இருக்கும்! சுற்றுலாவும் வளரும்.

ஒலுவில் காற்று

தம்பி, லைற் போடுவார்கள். ஒரு வருசத்தில் பல்ப் போகும், மாற்ற ஆள் வராது. பிறகு காகத்துக்கு வீடு. எங்கட பக்கம் இப்படி ஒரு பூங்காவுக்கு லைற் மாற்றச் சொல்லிக் கடிதம் கொண்டு ஒரு அலுவலகத்துக்கு நாலு தரம் போனேன், நாலு தரமும் "பெரியவர் கூட்டத்தில்". கட்டுகிறவன் படத்தோடு பெயர்ப்பலகை வைப்பான், பல்ப் மாற்றுகிறவனுக்குப் பலகை இல்லை. அதுதான் பிரச்சினை.

குயின்ஸ் மாமி

எனக்குக் கட்டுவதில் எதிர்ப்பில்லை, யாருக்காக என்று தெரிய வேண்டும். ரோத் பார்க்கில் ஐந்து பேர் திரும்பி வரவில்லை, அதுக்காக. நம்மட வாவியில் எதுக்காக? சும்மா வடிவுக்கு என்றால் இரண்டு வருசத்தில் சலித்துவிடும்.

வள்ளக்காரன் மகன்

2004 டிசம்பர் 26.

நான் அப்போது ஆறு வயது. எங்கட வீடு வெளிச்சவீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஞாயிற்றுக்கிழமை காலை. விபரம் எழுத விருப்பமில்லை. தண்ணீர் வற்றின பிறகு எது எங்கட வளவு என்றே தெரியவில்லை, வேலி இல்லை, ஒழுங்கை இல்லை, கிணறு மணலுக்குள். வெளிச்சவீட்டைப் பார்த்துத்தான் அப்பா வளவைக் கண்டுபிடித்தார், கடலில் வலை விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிற மாதிரியே, அங்கே நின்று, இங்கே நின்று, நேர் பிடித்து. அதனால் புதிதாகத் திட்டியில் ஒன்று வேண்டாம் என்பது என் கருத்து. இருக்கிறதே போதும், வெள்ளை அடித்து வைத்தால் சரி.

புளியந்தீவுப் பொடியன்

மன்னியுங்க அண்ணா. யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

வள்ளக்காரன் மகன்

அதில் மன்னிக்க ஒன்றும் இல்லையடா. வடிவு கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் வா, வள்ளத்தில் வெளியே கொண்டுபோய்க் காட்டுகிறேன், அந்தக் கோபுரத்தை விட வடிவான சாமான் உனக்கு என்ன வேண்டும் என்று பார்ப்போம்.

வாவிக்கரையான் (கல்லடி)

இழையைத் தொடங்கினவன் என்ற முறையில்: மருமகளிடம் சொல்லி ரோத் பார்க் வெளிச்சவீட்டில் பதித்திருக்கிற பலகையை நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், அனுப்பிவிட்டாள். 1910 யூன் 15, டெரா நோவா, எல்லாம் இருக்கிறது, தபால் ஐயா சொன்ன மாதிரியே. அம்மம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "அந்தக் கப்பலுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டா. தேடிப் பார்த்தேன், 1943இல் கிரீன்லாந்துக்குக் கிட்டத் தாண்டுபோனது, 2012இல்தான் கடலடியில் கண்டுபிடித்தார்கள். அதையும் சொன்னேன். "ஆக்கள்?" என்றா. ஆட்களைக் காப்பாற்றிவிட்டார்கள் என்றேன். "அப்ப சரி" என்று வெற்றிலையை எடுத்துவிட்டா.

வருகிற ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு முகத்துவாரத்துக்குப் போகலாம் என்று இருக்கிறோம், அம்மம்மாவும் வாறா, ஓட்டோ பேசிவிட்டேன். தபால் ஐயா, ஒல்லாந்தக் கோட்டை, பொடியன், வருகிறவர்கள் இங்கேயே எழுதுங்கள். ஒலுவில் காக்கா, உங்களுக்குத் தூரம், ஆனால் வந்தால் சாப்பாடு எங்கள் வீட்டில். தம்பி, உங்கள் அப்பாவிடம் கேட்டுச் சொல்லுங்கள், காற்று எப்படி, வள்ளத்தில் ஒரு கிழவியை ஏற்றலாமா?

வள்ளக்காரன் மகன்

கேட்டேன். வாவிப் பக்கம் மட்டும் என்றால் ஏற்றலாம், முகத்துவாரத்துக்கு வெளியே வேண்டாம் என்கிறார். குடை கொண்டு வாங்க, ஐந்து மணிக்கும் வெயில் மூஞ்சிக்கு நேரே அடிக்கும்.